பிணைக் கையெழுத்து

மகனுக்குப் பத்தொன்பது வயது. ஸ்காபரோவிலிருந்து கல்லூரிக்குப் போய்வர நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் போகிறது. 2023 யூலையில் தடம்புரண்ட பிறகு எங்கள் பகுதிச் சிறுரயிலை மூடிவிட்டார்கள், பஸ்ஸைத்தான் நம்பவேண்டும். பழைய கார் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தான். விலை 12,000 டொலர். கடன் பத்திரத்தை மேசையில் வைத்து, "இதில உங்கட கையெழுத்து ஒண்டு வேணும் அப்பா" என்றான்.

ஒன்டாரியோவில் பதினெட்டு வயதானால் சொந்தமாக ஒப்பந்தம் செய்யலாம். ஆனால் கடன் வாங்கிக் கட்டிய வரலாறு இல்லாத பிள்ளையை வங்கி லேசில் நம்பாது. (வந்த புதிதில் எங்களையும் அப்படித்தான் பார்த்தது. சீட்டும் கைமாற்றுமாகக் காலம் தள்ளியதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.) ஆகவே என் பெயர் தேவை. அவன் தவணை தவறினால் மீதி முழுவதையும் என்னிடம் கேட்கலாம்.

ஒன்பது வீத வட்டி. ஆறு வருடத்தில் கட்டினால் மாதம் 216 டொலர். வட்டி மட்டும் 3,570 அளவில் வரும். மூன்று வருடம் என்றால் மாதம் 382. வட்டி பாதிக்கும் குறைவு. விற்பவர் முதற்கணக்கை மட்டுமே காட்டியிருந்தார். காப்புறுதி வேறு. இளம் சாரதிகளுக்கு இங்கே அது சிலவேளை தவணையையே மிஞ்சிவிடும்.

"வங்கிக்கு ஏன் வட்டி? என்ர சேமிப்பில இருந்து எடுத்துத் தாறன்" என்றேன். நல்ல தகப்பனாக நடந்துகொண்டேன் என்ற நினைப்பு எனக்கு. அவன் முகம் மலரவில்லை.

"வங்கிக்குக் கட்டினா ஒருநாள் முடிஞ்சிடும் அப்பா. உங்களுக்கெண்டால் எப்ப முடியும்?"

கோபம்தான் முதலில் வந்தது. இரவு படுக்கையில் அம்மாவை நினைத்தேன்.

1989 இல் என்னை வெளியே அனுப்ப அம்மா தாலிக்கொடியை அடகு வைத்தார். இரண்டு பரப்புக் காணியை ஈடு வைத்தார். நான் ஒரு துண்டுக் கடதாசியிலும் கையெழுத்து வைக்கவில்லை. உணவகத்தில் கோப்பை கழுவி இரண்டு வருடத்தில் அந்தக் காசை அனுப்பிவிட்டேன். கொடியும் மீண்டது, காணியும் மீண்டது. ஆனால் அதன்பின் இருபது வருடம் அம்மா கேட்ட எதற்கும் நான் இல்லை என்று சொன்னதில்லை. தங்கச்சியின் சீதனம், தம்பியின் பயணம், கோயில் திருப்பணி. சொல்லலாம் என்று தோன்றியதுகூட இல்லை. அது பாசமா, கடனா என்று இன்றைக்கும் எனக்குப் பிரிக்கத் தெரியாது. அம்மா ஒருநாளும் சொல்லிக்காட்டியவர் அல்ல. சொல்லிக்காட்டியிருந்தால் ஒருதரம் சண்டை பிடித்தாவது கணக்கை முடித்திருப்பேன்.

இந்தப் பாரம் வேண்டாம் என்கிறானா மகன்? என் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் அவன். அப்படிச் சொல்ல அவனுக்கு நியாயம் உண்டு. ஆனால் அவனும் ஒன்றை மறந்துவிடுகிறான். என்னிடம் கடன்படாமல் இருக்க அவன் தேடிய வழியும் என் பெயரில்தான் நிற்கிறது. அவனுடைய பகுதிநேர வேலை போனால் வங்கி என் கதவைத்தான் தட்டும். அப்போது அவன் யாருக்குக் கடனாளி?

இதைக் காலையில் அவனிடம் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்தான். மூன்று வருடம் தன் சம்பளத்துக்குக் கட்டாது என்றான். கடைசியில் நாலு வருடத்துக்கு இறங்கினோம், மாதம் 299. கையெழுத்து வைத்தேன்.

முதல் தவணை நாளன்று, கட்டிவிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு, சாப்பிட்டியா என்று கேட்டேன்.