இரண்டு முகங்களுக்கு நடுவே

லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1937ஆம் ஆண்டின் பெண்கள் கோட்டு ஒன்று இருக்கிறது. அதன் முதுகில் எதிரெதிரே பார்க்கும் இரண்டு முகங்கள், வெறும் கோடுகளாக. முகங்களுக்கு நடுவே விட்ட வெற்றிடம் ஒரு பூச்சாடியாகத் தெரிகிறது. சாடிக்கு மேலே தோள் முழுக்கப் பட்டு ரோஜாக்கள். கோட்டை உருவாக்கியவர் எல்சா ஸ்கியாபரெல்லி. முகங்களை வரைந்து கொடுத்தவர் கவிஞர் ழான் கோக்தோ. ஊசியெடுத்தது பாரிஸின் லெசாழ் பூத்தையல் கூடம். மூவரில் ஒருவர் இல்லையென்றால் அந்தக் கோட்டு இல்லை.

அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். சேலையூரில் நான் துணி வெட்டும் மேசைக்கு எதிர்ச்சுவரில் அந்தப் படம் ஒட்டியிருக்கிறது. தனியாக ஒன்றைச் செய்து முடிக்கும்போது வருவது நிம்மதி. இன்னொருவரோடு சேர்ந்து செய்யும்போது வருவது வேறு ஒரு குதூகலம். அது எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பூச்சாடியைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன். அந்தச் சாடியை முழுதாக யாரும் வரையவில்லை. இரண்டு முகங்கள் எதிரெதிரே வந்ததால் அது உண்டானது.

லெசாழ் குடும்பம் நமக்கு அந்நியமில்லை. அந்தக் கூடத்தை 1924இல் வாங்கிய ஆல்பர் லெசாழின் பேரன் ழான் பிரான்சுவா, 1993இல் சென்னையில் நண்பர்களோடு சேர்ந்து ‘வஸ்த்ரகலா’வைத் தொடங்கினார். பிரான்சின் பழைய மாளிகைகளுக்கான திரைகளும் இருக்கைத் துணிகளும் அங்கே நம் ஊர் பூத்தையல்காரர்களின் விரலில் உருவாயின. பாரிஸின் கண்ணும் தமிழ்நாட்டின் கையும் சேர்ந்தது என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. கைக்கும் கண் உண்டு. எந்த நூல் எந்தத் துணியில் உட்காரும், எது சுருங்கும் என்பதைக் கைதான் முதலில் பார்க்கிறது.

போன ஆண்டு திருவான்மியூரில் கைத்தறிச் சேலை விற்கும் ஒரு அக்காவோடு சேர்ந்து ஒரு பொங்கல் தொகுப்பு செய்தோம். சேலை அவருடைய லேபிள், ரவிக்கை என்னுடையது. முதுகு நிறைய சர்தோசி ஜரிகை வேலை வைத்து நான் வரைந்திருந்தேன். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி ஆரிப் பூத்தையல் போடும் பாய் துணியைத் தடவிப் பார்த்தார். “மேடம், மல் துணி இவ்ளோ கனம் தாங்காது. ரெண்டு தடவை உடுத்தினா தொங்கிடும்” என்றார். அக்கா உடனே, “அப்போ என் சேலைக்கரையில இருக்கிற நூலையே எடுத்துப் போட்டா?” என்றார். பாய் கரையிலிருந்து ஒரு மயில்கழுத்து நூலை உருவி, ஆரி ஊசியில் மாட்டி, தோளோரம் சின்னக் கொடி ஒன்றை ஓட்டிக் காட்டினார். மூன்று பேரும் சத்தமாகச் சிரித்துவிட்டோம். என் படத்தில் அந்தக் கொடி இல்லை. அக்காவின் மனதிலும் இல்லை. ஊசி குத்தும்வரை பாய்க்கும் அது தெரிந்திருக்காது. பிறகு அந்தத் தொகுப்பு முழுக்க அந்தக் கொடி ஓடியது.

சேர்ந்து செய்யும் இந்தப் பாடம் நம் பட்டிலேயே இருக்கிறது. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவர் கையால் ஆகாது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். உடலும் கரையும் ஒவ்வோர் ஊடையிலும் கோத்துக்கொள்வதால்தான் அந்தச் சேலை தலைமுறை தாண்டி நிற்கிறது. இதைப் புகழும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து இடத்தில் பல காலம் குழந்தைகளை உட்காரவைத்தார்கள். பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை நாடா தள்ளியதைக் கூட்டுவேலை என்று என்னால் சொல்ல முடியாது. ‘இது சரியில்லை’ என்று சொல்லும் வாய் அந்தப் பிள்ளைக்கு இல்லை.

எனக்கு அளவுகோல் இதுதான்: பக்கத்தில் இருப்பவர் மறுத்துப் பேச முடிகிறதா? தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் வந்த மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தின் தையல் கூடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தைக்கும் பெண்களின் நேர்த்தி எனக்கு வராது. பட்டன் துளையிலிருந்து மடிப்புவரை துல்லியம். ஆனால் வெளிநாட்டிலிருந்து டெக் பேக் என்ற தையல் குறிப்பு வந்துவிடுகிறது, அதில் உள்ளதைத்தான் தைக்க வேண்டும். அது கௌரவமான உழைப்பு, ஆனால் பாய் துணியைத் தடவிப் பார்த்தாரே, அதற்கு அங்கே இடமில்லை.

பெரிய பெயர்கள் சேரும்போதும் இதே கேள்விதான். 2021 ஆகஸ்டில் ஆடை வடிவமைப்பாளர் சப்யசாச்சியும் எச் அண்ட் எம் ஆடை நிறுவனமும் சேர்ந்து ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். ஒரு சேலை 9,999 ரூபாய். வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. ராஜஸ்தானின் சாங்கனேர் அச்சுப்பூக்களின் சாயல் அதில் இருந்தது, கையால் அச்சிட்டவர்கள் இல்லை. கைவினை அமைப்புகள் இதைக் கேள்வி கேட்டுத் திறந்த மடல் எழுதின. இந்தியப் பெயர் ஒன்று உலகக் கடைகளில் தொங்கியதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனாலும் மடல் எழுதியவர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன். இரண்டு பெரிய பெயர்கள் கைகுலுக்கின, பூவைத் தந்த ஊர் வெளியே நின்றது.

கோ-ஆப்டெக்ஸ் சேலைகளோடு நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையைச் சேர்த்துத் தந்ததுண்டு. அவ்வளவு பெரிய கூட்டுறவு நிறுவனம் செய்ததைச் சின்னக் கடைக்காரர்கள் நாம் செய்ய என்ன தடை? குரோம்பேட்டையிலும் மேற்குத் தாம்பரத்திலும் மேடவாக்கத்திலும் லேபிள் தொடங்கும் தங்கைகளே, தம்பிகளே, அடுத்த தொகுப்புக்குத் துண்டுச்சீட்டு அச்சடிக்கும்போது ஆரி போட்டவரிடம் சம்மதம் கேட்டு அவர் பெயரையும் சேர்த்து அச்சடியுங்கள். கூலியை முன்னால் கொடுங்கள். வரைபடத்தை முடிப்பதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் துணியைக் கையில் கொடுங்கள்.