லாகில் ஒரு எச்சரிக்கை வரி

முடி கொட்டுகிறதென்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் தங்கைக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:80. மூட்டுவலி இல்லை, காய்ச்சல் இல்லை. "அப்ப நான் நோயாளியா, இல்லையாண்ணா?" என்றாள்.

நம் செல்லின் உட்கருவையே அந்நியமாக நினைத்துப் பிடிக்கும் ஆன்டிபாடிகளைத் தேடும் சோதனை அது. லூபஸ் நோயில் இவை சிறுநீரகத்தில் படிந்து அழற்சி உண்டாக்கும். 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, அமெரிக்க ராணுவத்தினரிடம் முன்பே எடுத்துச் சேமித்திருந்த ரத்தத்தைச் சோதித்தது. 130 லூபஸ் நோயாளிகளில் 115 பேருக்கு, நோய் கண்டறியப்படும் முன்பே இத்தகைய ஆன்டிபாடிகள் இருந்தன. சிலருக்கு ஒன்பது வருடம் முன்பே.

படித்ததும் பகீரென்றது. பிறகுதான் உறைத்தது: அது நோயாளிகளிடமிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு. விழுந்த சர்வரின் லாகைத் தோண்டினால் எச்சரிக்கை வரி கிடைக்கும்தான். எச்சரிக்கை வந்த சர்வரெல்லாம் விழுவதில்லையே. ஆரோக்கியமானவர்களிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்காவது 1:80 வரும். பெரும்பாலோருக்கு லூபஸ் வருவதே இல்லை.

"ஒண்ணுமில்ல" என்றால் பொய். "நோயாளி" என்றாலும் பொய். வராத நோயை அவள் இன்றைக்கே வாழ ஆரம்பித்துவிடுவாள். நிகழ்தகவை மறைக்கவும் எனக்கு உரிமையில்லை, தீர்ப்பாக்கவும் உரிமையில்லை.

"இப்ப நீ நோயாளி இல்ல. மூட்டு வீங்கினா, வெயில்ல முகம் சிவந்தா மறைக்காம சொல்லு" என்றேன்.

"சரி. நீயும் தினம் கேக்காத" என்றாள்.