மிச்சம்

பழைய கார் வைத்திருப்பவனுக்கு ஒரு கர்வம் உண்டு. எனக்கும் இருக்கிறது. 2004இல் பதிவான மாருதி 800. முதல் சொந்தக்காரர் பத்து வருஷம் ஓட்டி, விலை பாதிக்கும் கீழே இறங்கிய பிறகு வாங்கியது. தவணை இல்லை; பெட்ரோல் குறைவு. கோவில்பட்டியில் இப்படிப் பேசினால் மரியாதை. மானாவாரிக் கரிசலில் சிக்கனம் ஒரு குணமல்ல; மழை தப்பும் வருஷத்துக்கான ஏற்பாடு. நானோ மாதச் சம்பளக்காரன். மழையோடு எனக்கென்ன கணக்கு?

பதினைந்து வருஷம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2019இல் 600 ரூபாய் கட்டினேன். 2022 ஏப்ரலில் அது 5000 ஆயிற்று. 2024இல் முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன். அதே வாரம் கிளட்ச் மாற்றிய மெக்கானிக்கிடம் மட்டும் இருநூறு குறைத்துக் கொடுத்தேன். அரை நாள் காருக்கடியில் மல்லாந்து கிடந்தவர். "சரி, இருக்கட்டும் அண்ணாச்சி" என்றார். நோட்டில் அதை மிச்சம் என்று எழுதினேன்.

யாருடைய மிச்சம்? முதல் சொந்தக்காரரின் நஷ்டம் அவரே தெரிந்து ஏற்றது. சர்க்கார் என்னைக் கேட்கவில்லை. என் சிக்கனம் பேரம் பேசத் துணிந்தது ஒரே ஒருவரிடம்தான். 2014இல் உற்பத்தி நின்றுபோன வண்டி இன்னும் ஓடுவது அவர் கைப்பழக்கத்தால். என் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல.

போன மாதம் பிரேக் பார்க்கப் போனேன். கூலி கேட்டதற்கு, "பாத்துக் குடுங்க அண்ணாச்சி" என்றார். சட்டைப் பையில் ஒரே ஒரு ஐநூறு ரூபாய்த் தாள். நீட்டினேன். அவர் மீதிக்காக டிராயரைத் திறந்தார். நான் வேண்டாம் என்று சொல்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.