ஐயுறுதல் குற்றமா?



"கடவுள் மறுப்பாளரும் பகுத்தறிவாளரும் நிகழ்த்தும் பொதுச் சொற்பொழிவுகளுக்குப் பௌத்தராகிய நாம் செல்லலாமா? நமது மண்டபத்தில் அவர்கட்கு இடந்தரலாமா?" என்று ராபர்ட்சன்பேட்டை அன்பர் பலர் என்னை வினவுகின்றனர். செல்லலாம், இடமும் தரலாம் என்பதே என் விடை. ஆயினும் அவ்விடைக்கு நான் எளிதில் வந்தவனல்லன். ஆதலின் வந்த வழியையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

இத்தகைய சொற்பொழிவுகள் நேற்றுத் தோன்றியவையல்ல. சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்னும் ஏட்டை நடத்தி, மதங்களை வினாவுக்கு உட்படுத்தினர். அயோத்திதாசப் பண்டிதர் 1898 இல் சாக்கிய பௌத்த சங்கத்தையும், 1907 இல் 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டையும் தொடங்கினார். பண்டிதர் 1914 இல் மறைந்தபின், அவர் பணியை அப்பாதுரையார் நமது தங்கவயலிலேயே தொடர்ந்தார். இலங்கையில் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத நிலையில் ஓர் அற்புதம் செய்து காட்டுவோர்க்கு இலட்ச ரூபாய் தருவதாக 1963 இல் அறைகூவினார். 1978 இல் அவர் மறையும்வரை ஒருவரும் அதனை வென்றாரில்லை. பழைய கோலார் மாவட்டத்துக் கௌரிபிதனூர் வட்டத்தில் பிறந்த எச். நரசிம்மய்யா, 1962 இல் பெங்களூரில் அறிவியல் மன்றம் கண்டு பொதுமக்களுக்கு உரைகள் நிகழ்த்துவித்தார். பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்தபோது, 1976 இல் அற்புதங்களை ஆராய ஒரு குழுவும் அமைத்தார்.

இனி என் கதை. 2001 பிப்ரவரி 28 இல் சுரங்கம் மூடப்பட்டபோது நான் பாறை அரைக்கும் மில்லில் வேலை செய்துகொண்டிருந்தேன். பௌத்தக் குடும்பத்தில் பிறந்தும், மனைவியின் காதணியை அடகு வைத்து ஒரு குறிகாரரிடம் சென்றேன். "ஆறு திங்களில் திறக்கும்" என்றார். திறக்கவில்லை. வெட்கமின்றி மறுமுறையும் சென்றேன். பின்னர்ப் பிழைப்புக்காக விடியற்கால இரயிலேறிப் பெங்களூர் சென்ற நாட்களில், ஒரு மாலை ஒரு பகுத்தறிவாளரின் உரையைக் கேட்டேன். "பலித்த குறிகளை எண்ணுகிறீர்கள், பலியாதவற்றை எண்ணுகிறீர்களா?" என்று அவர் கேட்டார். எனக்கு மில் நினைவு வந்தது. பாறைத்தூளைச் சோதிப்பவர் பொன் கண்ட மாதிரியை மட்டும் கணக்கில் எழுதி, காணாதவற்றை எறிந்துவிட்டால், அக்கணக்கை யார் ஒப்புவர்? அன்றோடு குறிகேட்பது ஒழிந்தது.

அதே கூட்டத்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. ஓர் அம்மையார் எழுந்து, நோயுற்ற தம் குழந்தைக்காக நேர்த்திக்கடன் வைத்ததைச் சொன்னார். பேச்சாளர் அதனை நகையாடினார், கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். அம்மையார் தலைகுனிந்து வெளியேறினார். குறிகாரரிடம் இருமுறை சென்ற நான் அவரைப் பார்த்துச் சிரித்தது எவ்வகையில் அறம்?

கேசபுத்த நகரத்துக் காலாமர்கள் பகவன் புத்தரிடம் முறையிட்டதும் இதுவே. வருகிற ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் கொள்கையைப் புகழ்ந்து பிறர் கொள்கையை இகழ்கின்றனர், யாரை நம்புவது என்றனர். பகவர் அவர்கள் ஐயத்தைக் கடியவில்லை. ஐயுறத்தக்கதில்தான் ஐயுற்றீர் என்றார். மரபென்றோ, நூலென்றோ, எம் குருவென்றோ ஏற்கவேண்டா. ஆசை, வெறுப்பு, மயக்கம் இவற்றை வளர்ப்பது எது, தணிப்பது எது என்று நீங்களே கண்டறியுங்கள் என்பது அவ்வுரையின் சாரம். மறுமை உண்டாயினும் இல்லையாயினும் வெறுப்பற்று வாழ்பவன் இம்மையிலேயே நலமுறுகிறான் என்றும் காட்டினார். தண்டனைக்கு அஞ்சியன்றி மனிதர் நலங்கருதியே அறஞ்செய்க என்னும் மனிதநேயரும் நாமும் கூடி நிற்கும் இடம் இதுவே. ஆனால் நல்வினைக்கும் தீவினைக்கும் பயனில்லை என்ற அஜித கேசகம்பலர் கொள்கையைப் பகவர் ஏற்றாரல்லர் என்பதையும் மறத்தலாகாது.

"ஐந்து நீவரணங்களில் ஐயமும் ஒன்றன்றோ?" எனக் கேட்பீர். உண்மையே. பாலைவழியில் பொருளோடு செல்பவன் இருவழி கூடுமிடத்தில் யாரையும் கேளாது, எவ்வழியும் நடவாது நிற்பானாயின், அந்த ஐயம் அவனைக் கொல்லும். வழிகேட்டு நடக்கச் செய்யும் ஐயமோ அவனைக் காக்கும். முன்னது நீவரணம், பின்னது காலாமர் ஐயம். பிறரையெல்லாம் ஐயுற்றுத் தன்னை மட்டும் ஐயுறாதவனும் அந்த முச்சந்தியிலேயே நிற்கிறான்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர், "ஐயா, உங்கள் பணப்பையிலுள்ள அரசிலைக்கும் பிறர் கையிலுள்ள மந்திரக் கயிற்றுக்கும் வேற்றுமை யாது?" என்று சபையில் கேட்டார். நான் சினந்து அவரை அடக்கினேன். அன்றிரவு உறக்கமில்லை. பயணம் புறப்படும்போதெல்லாம் அவ்விலையை நான் தொட்டுக்கொள்வது உண்மைதானே! நினைவாக வைத்தால் அது நன்றி. காப்பாக வைத்தால் அதுவும் கயிறே. அடுத்த ஞாயிறு அதே சபையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இலையை நான் எறியவில்லை. அதனிடம் கேட்பதை விட்டுவிட்டேன்.

மூடநம்பிக்கையை எதிர்த்துப் பேசிய நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டு 20 இல் புனே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். வினவுவோர் உயிர்விலை கொடுக்கும் நாட்டில், ஒரு மண்டபத்தின் கதவைத் திறந்துவைப்பது சிறு தொண்டன்று. ஆகவே அவர்களை அழைப்போம். நம்மையும் வினவச் சொல்வோம். வாயிலில் மட்டும் ஒன்று கேட்டுக்கொள்வோம்: கொள்கையை எவ்வளவு வேண்டுமாயினும் அரைத்துச் சோதியுங்கள்; கண்ணீரோடு வந்தவரை அரைக்காதீர்கள். நம் ஊரில் பொன்னைப் பிரித்தெடுத்துச் சென்றபின் சயனைடு மண்மேடுகள் மட்டும் நிற்கின்றன. காற்றடித்தால் அத்தூசு ஏழை வீடுகளில் விழுகிறது. பொய்யை நீக்கும் பேச்சு, அத்தகைய மேட்டைக் கேட்போர் நெஞ்சில் விட்டுச் செல்லலாகாது.