வென்ற மறுநாள்

சரித்திர பாடம் நடாத்தும் உபாத்தியாயர், மாணாக்கர்முன் ஒரு யுத்தத்தை எடுத்துரைக்கப் புகுங்கால், அறிந்தோ அறியாமலோ ஒரு நீதியையும் உடன் கற்பிக்கின்றார். "வென்றவன் யாவன்?" என்னும் வினாவோடு பாடம் முடியுமாயின், வெல்லுதலே மேன்மை என்பது இளம் நெஞ்சிற் பதிந்துவிடும். பதிந்தது பின்னர் எளிதில் நீங்காது. ஆதலின், யுத்தத்தை எவ்வாறு கற்பித்தல் வேண்டும், வெற்றியை எதுகொண்டு அளத்தல் வேண்டும் என்பன ஆராயத்தக்க விஷயங்களாம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஒரு சிறுமியின் வினா. ஹட்டனுக்கு அணித்தான தோட்டப் பாடசாலை ஒன்றிலே உபாத்தியாயர் பல்லவ சாளுக்கிய யுத்தத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தார். வாதாபி வீழ்ந்த ஆண்டைக் கரும்பலகையில் எழுதினார், பிள்ளைகளும் எழுதிக்கொண்டனர். அப்பொழுது கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகள் எழுந்து, "வாதாபியிலிருந்த சனங்களுக்கு மறுநாள் என்ன நடந்தது, சேர்?" என்று கேட்டாள். உபாத்தியாயர் விடைகூற மாட்டாது நின்றனராம். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலையகத்தை விட்டு வன்னிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. அவ்வாறு சென்றவர்களுள் அச்சிறுமியின் உறவினரும் இருந்தனர். 1983 முதல் 2009 வரை இந்நாட்டில் நிகழ்ந்த யுத்தத்திலே அவர்கள் பட்டவற்றை அவள் வீட்டிற் கேட்டு வளர்ந்தவள். ஆண்டுக் கணக்கு அவளுக்குப் போதாமை வியப்பன்று.

அவ்வினாவை முதற்கண் பிறநாட்டு யுத்தமொன்றில் வைத்து நோக்குவோம். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இந்நாட்டு ஆங்கிலப் பாடசாலைகளில் இங்கிலாந்துச் சரித்திரம் பயின்றோர், நூறாண்டு யுத்தத்தை அறிவர். இங்கிலாந்து அரசருக்கும் பிரான்சு அரசருக்கும் இடையே 1337இல் மூண்டு 1453இல் முடிந்த அது, உண்மையில் நூற்றுப்பதினாறு ஆண்டு நீடித்தது. 1346இல் கிரெசியிலும், 1356இல் புவாத்தியேயிலும், 1415இல் அஜின்கோர்ட்டிலும் ஆங்கிலேயர் பெற்ற வெற்றிகளை அப்புத்தகங்கள் விரித்துரைத்தன. பெயர்பெற்ற போர்களிற் பலவற்றை வென்றவர் ஆங்கிலேயர். யுத்தத்தில் தோற்றவரும் அவரே. முடிவில் பிரான்சிலே கலே என்னும் ஒரு துறைமுகமே அவர் வசம் எஞ்சியது; அதுவும் 1558இல் நீங்கியது.

அஜின்கோர்ட்டிலே, ஐந்தாம் ஹென்றி அரசன் சிறைப்பட்டோரைக் கொல்லுமாறு போர் நடக்கும்போதே கட்டளையிட்டான். 1418இல் அவன் ரூவான் நகரத்தை முற்றுகையிட்டான். உணவு குறைந்தமையால் நகரத்தார் வறியோரையும் முதியோரையும் மதிற்புறத்தே அனுப்பினர். அரசன் அவர்களைத் தன் படையைக் கடந்து செல்ல விட்டிலன். மாரிக்காலத்திலே மதிலுக்கும் படைக்கும் இடையேயுள்ள அகழியிற் கிடந்து அவர்கள் பசியால் மாண்டனர். அடைத்தவரும் கிறிஸ்தவர், அனுப்பியவரும் கிறிஸ்தவர், வணங்கிய தெய்வம் ஒன்றே. கிரெசியின் ஆண்டை அறிந்த மாணாக்கர் பலராயிருக்க, ரூவான் அகழியை அறிந்தவர் எத்துணையர்?

இனி நம்மவர் சரித்திரத்துக்கு வருவோம். காஞ்சியை ஆண்ட பல்லவருக்கும் வாதாபியை ஆண்ட சாளுக்கியருக்கும் நிகழ்ந்த யுத்தமும் நூறாண்டுக்கு மேற்பட்டதே. இரண்டாம் புலிகேசி மகேந்திரவர்மனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்தான் என்று 634ஆம் ஆண்டின் ஐகொளெச் சாசனம் கூறும். மகேந்திரன் மகனாகிய நரசிங்கவர்மன், மணிமங்கலம் முதலிய இடங்களிற் புலிகேசியை முறியடித்து, 642ஆம் ஆண்டளவில் வாதாபியையே கைக்கொண்டான். அந்நகரத்துப் பாறையிலே தன் வெற்றியைச் சாசனமாகப் பொறிப்பித்தான். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் சாளுக்கியர் தலைநகரிழந்து நின்றனர். பின்னர் முதலாம் விக்கிரமாதித்தன் தலையெடுத்துத் தெற்கே படைகொண்டு வந்தான். தான் காஞ்சியைக் கொண்டதாக அவன் செப்பேடு கூறும். அவனைக் கந்தை போர்த்து ஓடச்செய்ததாகப் பரமேசுவரவர்மனுடைய கூரம் செப்பேடு கூறும். ஏட்டிலே தோற்றவர் ஒருவருமிலர். ஒரு பக்கத்து ஏட்டைமாத்திரம் படிப்பிப்பவர் சரித்திரம் படிப்பிப்பவரல்லர் என்பது இதனால் விளங்கும்.

இந்த யுத்தத்தில் நம் இலங்கைக்கும் பங்குண்டு. அரசிழந்து பல்லவனிடம் அடைக்கலம் புகுந்த மானவர்மன் என்னும் சிங்கள இளவரசன், அவன் பக்கத்தில் நின்று சாளுக்கியரோடு பொருது, பின் பல்லவர் படைத்துணையால் இலங்கை அரசுரிமை பெற்றான் என்று சூளவம்சம் கூறும். சிங்களவர் தமிழர் என்னும் பிரிவே அக்காலத்துப் போர்களுக்கெல்லாம் காரணம் என்று எண்ணும் மாணாக்கருக்கு இச்செய்தி ஒன்றே நல்ல மருந்தாகும்.

வாதாபிப் படையெடுப்பைச் சைவ உலகம் மறவாமைக்குக் காரணர் திருச்செங்காட்டங்குடியிற் பிறந்த பரஞ்சோதியார் என்பது யாவரும் அறிந்ததே. மன்னவன் படைத்தலைவராய் வாதாபியை அழித்து, நிதிக்குவைகளும் யானை குதிரைகளும் கொணர்ந்து அவர் ஒப்புவித்தமையைச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பெரிய புராணத்துட் பாடினார். அம்மன்னவன் பெயரைச் சேக்கிழார் கூறிற்றிலர். நரசிங்கவர்மன் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. நாம் நோக்கவேண்டியது அதன்பின் நிகழ்ந்ததை. பரஞ்சோதியார் சிவனடியார் என்று அமைச்சர் கூறக்கேட்ட மன்னவன் நடுங்கினான். அடியாரைப் போர்முகத்துக்கு ஏவிய பிழையைப் பொறுக்குமாறு வேண்டினான். தமது மரபுக்குரிய தொழிலைச் செய்தமையால் தீங்கென்னை என்று அவர் விடைகூறினார். நிதி பல கொடுத்து மன்னவன் அவரை விடுவித்தான். அவர் தம்மூர் மீண்டு, நாடோறும் அடியவரை அமுதுசெய்வித்தபின்னரே தாம் உண்ணும் நோன்பு பூண்டார். சிறுத்தொண்டர் என்னும் பெயர் வந்தது இத்தொண்டினாலே. வாதாபி வெற்றியினால் அன்று. அடியவர்முன் தம்மைச் சிறியராக்கிக் கொண்ட படைத்தலைவர் அவர்.

ஆயினும் நேர்மையோடு ஒன்று கூறல் வேண்டும். அச்சிறுமியின் வினாவுக்கு இஃது விடையாகாது. வென்ற மறுநாள் வென்றவருக்கு நிகழ்ந்ததைப் புராணம் கூறிற்று. வாதாபியின் குடிகளுக்கு நிகழ்ந்ததைக் கூறிற்றிலது. பாறைச் சாசனமும் கூறிற்றிலது. தோற்ற ஊரின் குடிகளைப்பற்றிப் பேசாமையே வெற்றிச் சாசனங்களின் வழக்கம்.

அவ்வழக்கத்துக்கு மாறான ஒன்று இந்த யுத்தத்திலேயே உளது. வாதாபி வீழ்ந்து ஏறக்குறைய நூறாண்டு சென்றபின், 733 முதல் 744 வரை ஆண்ட இரண்டாம் விக்கிரமாதித்தன் பல்லவனை ஓட்டிக் காஞ்சியுட் புகுந்தான். பழிவாங்குதற்கு வேண்டிய காரணமும் வலியும் அவனிடத்து இருந்தன. எனினும் அவன் நகரத்தை அழித்திலன். அந்தணருக்கும் வறியோருக்கும் ஆதரவற்றோருக்கும் இடையறாது ஈந்தான் என்றும், இராசசிங்கேசுவரம் முதலிய கற்றளிகளுக்குரிய பொற்குவியலை அவற்றுக்கே மீள அளித்தான் என்றும் அவன் மகனுடைய வக்கலேரிச் செப்பேடு 757இல் உரைக்கின்றது. இராசசிங்கேசுவரமாவது இன்று கைலாசநாதர் கோயில் என வழங்குவது. அதன் மண்டபத் தூணொன்றிலே இக்கொடையைக் கூறும் கன்னடச் சாசனம் இன்றும் உளது. அவன் தேவியாகிய உலோகமகாதேவியார் காஞ்சி வெற்றியின் நினைவாகப் பட்டதகல்லிலே சிவாலயம் எடுப்பித்தார். விருபாட்சர் கோயில் என இன்று வழங்கும் அது, காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை ஒத்திருத்தலை அறிஞர் எடுத்துக்காட்டுவர். பகைவன் கோயிலைக் கொள்ளையிடாதது மாத்திரமன்று. அதன் அழகையும் தன்னாட்டிற் போற்றினர் என்க.

ஈண்டு ஒரு தடை நிகழும். "விக்கிரமாதித்தன் புகழ் வேண்டியே கொடுத்தான், தன் கொடையைத் தானே தூணிற் பொறித்தவனிடத்து அறம் யாது? மேலும், அச்செயலால் யுத்தம் நின்றதோ?" என்பர் சிலர். யுத்தம் நிற்கவில்லை என்பது உண்மையே. அவன் மகன் கீர்த்திவர்மன் இளவரசனாயிருந்தபோதே மீண்டும் காஞ்சி அரசன்மேற் படையெடுத்துச் சென்று யானைகளும் பொன்னும் கவர்ந்தான். சிறிது காலத்துள் சாளுக்கியர் அரசு இராட்டிரகூடர் கையில் வீழ்ந்தது. பின்னொரு காலத்துப் பல்லவர் அரசும் சோழர் கையில் வீழ்ந்தது. இருவரும் ஒருவரையொருவர் தேய்க்க, மூன்றாமவர் உயர்ந்தனர்.

ஆயினும் தடை முழுதும் பொருந்தாது. ஒருவன் நெஞ்சத்தை இறைவனன்றி அறிவார் யார்? புகழை விரும்பினான் என்றே கொள்வோம். எதனாற் புகழ் விளையும் என்று அவன் எண்ணினான் என்பதன்றோ நோக்கற்பாலது? எரித்தேன் என்று பொறிப்பதினும் மீள அளித்தேன் என்று பொறித்தலே புகழாம் என்று ஒரு வேந்தன் துணிந்தால், அந்நாட்டு மாந்தர் எதனை மதித்தனர் என்பது புலனாகும். மற்றொன்று: காஞ்சி மீண்டும் பல்லவர் வசமாயது. பகைவன் தம் நகருட் புகுந்தமைக்குச் சான்றாய் நிற்கும் அச்சாசனத்தை அவர்கள் செதுக்கி எறிந்திலர். கொடுத்தவன் பெருமையோடு, அழியாது வைத்தவர் பெருமையும் அத்தூணில் உளது.

சைவ சித்தாந்தம் இதனை விளக்க வல்லது. ஆன்மாவை அநாதியே பற்றிய மலம் ஆணவம். தோல்வியினும் வெற்றியே அதற்குப் பெரிய உணவு. போர்க்களத்திலே அச்சமும் உடனிருத்தலால் ஆணவம் ஒருவாறு அடங்கியிருக்கும், மறுநாள் அச்சம் நீங்கும், தடுப்பார் ஒருவருமிலர். "யான் வென்றேன், இஃது எனது" என்னும் இரண்டும் அப்பொழுது முழுவலியோடு எழும். ஆதலின் ஒருவன் தகுதி வெளிப்படுவது வாள் உருவிய நாளிலன்று, உறையிலிட்ட மறுநாளிலேயாம். ரூவானில் ஹென்றி அத்தேர்விலே தவறினான். காஞ்சியில் விக்கிரமாதித்தன் அந்நாள் மட்டிலேனும் தேறினான். பிழை பொறுக்குமாறு வேண்டிய மன்னவனும், படையை விட்டு அடியவருக்கு அமுதளித்த சிறுத்தொண்டரும் வேறொரு வழியில் தேறினர்.

மலையகத்து உபாத்தியாயருக்கு இவ்விஷயம் மிகவும் அணித்தானது. நம் வகுப்பிலிருக்கும் பிள்ளைகளின் முன்னோர் செப்பேடு பெற்றவரல்லர். முதலிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாகக் கடல்கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து மலையேறியவர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குடியுரிமை இழந்தவர். பிறர் மூட்டிய கலவரங்களில் லயங்கள் எரியக் கண்டவர். வென்றவர் வரிசையைமாத்திரம் மனனஞ் செய்விக்கும் சரித்திரத்திலே அப்பிள்ளைகளுக்கு இடமில்லை. "மறுநாள் என்ன நடந்தது?" என்று வினவும் சரித்திரத்திலே அவர்களுக்கும், வாதாபிக் குடிகளுக்கும், ரூவான் அகழியிற் கிடந்தோருக்கும் இடமுண்டு.

ஆதலால் ஆண்டுகளையும் போர்க்களங்களையும் கற்பித்தல் வேண்டா என்று நாம் கூறவில்லை. செம்மையாய்க் கற்பித்தல் வேண்டும். கற்பித்தபின் வகுப்பிலே மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். தோற்றவர் ஏடு யாது கூறுகின்றது? வென்றவன் மறுநாள் யாது செய்தான்? அந்நாளில் ஊர்க்குடிகள் எங்கிருந்தனர்? மூன்றாம் வினாவுக்கு விடை அகப்படாதவிடத்து, அகப்படவில்லை என்று உபாத்தியாயர் நாணாது சொல்லுக. எழுதப்படாது போனாரும் இருந்தனர் என்பதை மாணாக்கர் அறிதல் தானே ஒரு கல்வியாகும்.

அச்சிறுமிக்கு அன்று விடைகூற மாட்டாது நின்ற உபாத்தியாயரை நாம் குறைகூறோம். மறுவாரம் அவர் காஞ்சித் தூணின் கதையை வகுப்பிலே சொன்னாராம். அவள் அமைந்து கேட்டிருந்து, "வாதாபியிலும் அப்படிச் செய்திருக்கலாமே" என்றாளாம். சரித்திர பாடத்தினால் விளையவேண்டிய பயன் அதுவே.