வாசலில் நின்றவன்

செக் நாட்டின் பார்துபிட்சே நகரில் ஆறு வயதுச் சிறுவன் டொமினிக் ஹாஷெக்கை ஐஸ் ஹாக்கி தேர்வுக்கு அழைத்துப் போனார் அப்பா. நல்ல ஸ்கேட் கூட இல்லை. காலணியின் அடியில் திருகி மாட்டும் தகடுகள்தான். ஒன்பது வயதுப் பையன்களின் அணிக்கு கோல் கீப்பர் இல்லை; பையன் உயரமாக இருந்ததால் அங்கே நிறுத்திவிட்டார்கள்.

1983-ல் அமெரிக்காவின் சிகாகோ அணி அவரைத் தேர்ந்தெடுத்தது, பத்தாவது சுற்றில். அவர் நாட்டின் அன்றைய கம்யூனிஸ்ட் ஆட்சியில் நினைத்தவுடன் கிளம்ப முடியாது. சொந்த நாட்டிலேயே ஆடினார். 1990-ல் அமெரிக்கா போன பிறகும் இரண்டாம் நிலை அணியில் காத்திருப்பு. 1992-ல் பஃபலோ அணிக்கு மாறினார். முதன்மை கோல் கீப்பராக நிலைத்தபோது வயது முப்பதை நெருங்கிவிட்டது.

1998 நாகானோ ஒலிம்பிக் அரையிறுதி. கனடாவின் ஐந்து பெனால்டி அடிகளையும் தடுத்தார். இறுதியில் ரஷ்யாவை 1-0 என வென்று செக் அணிக்குத் தங்கம்!

வாய்ப்பு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. வரும்வரை கைப்பழக்கம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.