வீம்பும் வைராக்கியமும்

வைராக்கியம் நல்ல குணம் என்று சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். வீம்பு கெட்ட குணம் என்றும் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒரு மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காரியத்தைச் செய்யும்போது, அவனிடம் இருப்பது இவ்விரண்டில் எது என்று பக்கத்தில் நிற்பவர்களால் கண்டுபிடிக்க முடியாது. பல சமயங்களில் அவனுக்கே தெரிவதில்லை. எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள என் வலது மணிக்கட்டு நோக வேண்டியிருந்தது.

நாகர்கோவிலில் இப்போது தெருவுக்கு ஒரு ஜிம் என்று சொல்லும்படி ஆகிவிட்டது. டாக்டர் என்னை நடக்கத்தான் சொன்னார். நான் ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே சுற்றிலும் நிலைக்கண்ணாடிகள். கண்ணாடிகளின் முன்னால் இருபது வயதுப் பிள்ளைகள். உடம்பைப் பேணுவதற்காக எடை தூக்கினேனா, அல்லது அந்தப் பிள்ளைகளின் கண்ணில் கிழவனாகத் தெரியக் கூடாது என்பதற்காகத் தூக்கினேனா என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது எனக்குச் சங்கடந்தான்.

இரண்டாவது மாதம் கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு வலி தோன்றியது. முதலில் பயிற்சி முடிந்த பிறகு மட்டும் வந்தது. பிறகு பேனா பிடிக்கும்போது வந்தது. கடைசியில் செம்பைச் சரித்துத் தண்ணீர் ஊற்றும்போதும் வந்தது. பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பையன், "சாருக்குக் கையில ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டான். "ஒண்ணுமில்லை தம்பி" என்றேன். அதற்கப்புறம் மூன்று வாரம், வலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுப் போய் எடை தூக்கினேன். வலியை வென்றுவிட்டதாக நினைப்பு. உண்மையில் நான் செய்தது அதன் வாயைப் பொத்தியதுதான்.

பிறகு டாக்டரிடம்தான் போக வேண்டியதாயிற்று. கட்டைவிரலை அசைக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்து இறுகிவிட்டால், விரல் அசையும்போதெல்லாம் நாண் உராய்கிறது. ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்ன் என்ற ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் 1895-இல் இதை விவரித்தார். அவர் பெயரே இந்த நோய்க்கு நிலைத்துவிட்டது. தசைக்குப் பாய்கிற அளவு ரத்தம் நாணுக்குப் பாய்வதில்லை. ஆகையால் அது மெதுவாகத்தான் ஆறும். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது என் பக்கத்தில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். குலசேகரம் பக்கத்துக்காரி, ரப்பர் பால்வெட்டும் தொழில். அவளுக்கும் வலது மணிக்கட்டில் அதே இடத்தில் துணி சுற்றியிருந்தது. வெயில் ஏறுமுன் பால் நன்றாக ஓடும் என்பதால், விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிடுவாளாம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பித்தான் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும்.

"ரெண்டு வாரம் வெட்டக் கூடாதுன்னு டாக்டரு சொல்லுதாரு. வெட்டாத நாளுக்குக் கூலி ஆரு தருவா, சாரே? மரத்துக்குக்கூட ஒருநாள் விட்டு ஒருநாள் லீவு உண்டு. எனக்க கைக்குத்தான் இல்ல" என்றாள்.

அது வெறும் பேச்சல்ல. தினமும் வெட்டினால் மரம் சோர்ந்து பட்டை வறண்டு பால் நின்றுபோகும். அதனால் இன்று வெட்டிய மரத்தை நாளைக்கு விட்டுவிடுவார்கள். மரம் ஓய்வெடுக்கும். அவள் அடுத்த வரிசை மரங்களுக்குப் போய்விடுவாள்.

"சாருக்கு என்ன வேல செய்து கை இப்பிடி ஆச்சு?" என்று கேட்டாள்.

"எழுத்து வேலை" என்றேன். இது நான் சொன்ன இரண்டாவது பொய்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பொய்யைப்பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் வலியைப் பொறுத்தது வயிற்றுக்காக. நான் பொறுத்தது கண்ணாடிக்காக. எனக்கு ஓய்வு சும்மா கிடைத்தது, வேண்டாமென்று தள்ளினேன். அவள் அதையே கேட்டு நிற்கிறாள், கொடுப்பவர் இல்லை. நான் ஓய்வெடுத்தால் அவள் கைக்கு ஓய்வு வந்துவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கைவசம் இருக்கிற ஒன்றை வீம்புக்காக வீசிவிட்டு, அதை வீரம் என்று சொல்லிக்கொள்வது, வேறு வழியில்லாமல் வலியைச் சுமக்கிறவர்களைக் கேலி செய்வதாகத்தானே ஆகும்?

டாக்டர் ஜிம்முக்கே போகாதே என்று சொல்லவில்லை. கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை ஒன்றைச் சில வாரம் கட்டிக்கொள்ளச் சொன்னார். காலுக்கும் இடுப்புக்கும் உரிய பயிற்சிகளுக்கு மணிக்கட்டின் தயவு தேவையில்லை, அவற்றைச் செய்யலாம். உள்ளங்கையைத் தரையில் ஊன்றி எடுக்கும் தண்டால் கூடாது. வலி தணிந்த பிறகு, மணிக்கட்டு முன்கையோடு ஒரே நேராக இருக்கும்படி, சிறிய எடையை மெதுவாகத் தூக்கலாம். மாத்திரை போட்டுக்கொண்டு தூக்கக் கூடாது. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் முந்திய நாள் எடை அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள்ள வேண்டும். வீக்கமோ மரத்துப்போதலோ கண்டால் உடனே வந்து காட்ட வேண்டும். சொன்னவை இவ்வளவுதான். இவற்றில் ஒன்றுகூடக் கஷ்டமானதல்ல. கஷ்டமாக இருந்தது, அந்தப் பையனிடம் போய், "தம்பி, கை சரியில்லை. அன்றைக்கு நான் பொய் சொல்லிவிட்டேன்" என்று சொன்னதுதான்.

அவன் சிரிக்கவில்லை. தன் தோள் ஆறு மாதமாக வலிப்பதாகவும், யாரிடமும் சொல்லவில்லை என்றும் மெல்லச் சொன்னான்.

இப்போது அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில், அதே கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு கிலோ எடையைத் தூக்குகிறேன். பத்துக் கிலோவைத் தூக்கியபோது எனக்கு வைராக்கியம் தேவைப்படவில்லை; வீம்பே போதுமானதாக இருந்தது. இந்த ஒரு கிலோவுக்குத்தான் அது தேவைப்படுகிறது.